தசை வகுப்பில் ஒரு மணி நேரம் கேட்கிறேன்

மருத்துவக் கல்லூரிகளில் பிசியாலஜி நடத்தும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். முதலாண்டில் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறையில் பாஸ்பரஸ் அளவிட்டோம். குழாயில் நீலம் ஏறும். அந்த நிறத்தின் அடர்த்தியைக் கலரிமீட்டரில் அளந்து ரெக்கார்டில் எழுத வேண்டும். என் ரீடிங் வரைபடத்தின் கோட்டில் உட்காரவில்லை. பக்கத்து பெஞ்சின் எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அதே வாரம் உங்கள் வகுப்பில், தசை சுருங்க ஆற்றல் தருவது ஏடிபி என்று குறிப்பெடுத்தேன். இரண்டிலும் இருப்பது ஒரே சுப்பாராவ் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தி அறுவைப் பேராசிரியரின் கோபத்தைச் சம்பாதித்து, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ்.ஸோடு வெளியேறியவர். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து 1925இல் அந்த நீல முறையை வெளியிட்டார். அதைத் தசைச் சாற்றில் போட்டபோது நீலம் உடனே முழுசாக வரவில்லை; நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போனது. நானாக இருந்தால் பக்கத்து பெஞ்சைப் பார்த்திருப்பேன். அவர்கள் அந்தத் தாமதத்தையே துருவினார்கள். அமிலத்தில் மெல்ல உடைந்து பாஸ்பேட்டை விடும் ஒரு பொருள் தசையில் இருந்தது. அதுதான் பாஸ்போகிரியேட்டின், 1927. இரண்டு வருடத்தில் ஏடிபியும் அவர்கள் கையில் சிக்கியது. ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே 1929இல் தனியாகக் கண்டறிந்தார்.

லோமன் வேலை பார்த்தது ஓட்டோ மேயர்ஹாஃபின் ஆய்வகத்தில். தசைச் சுருக்கத்துக்கு மூலம் லாக்டிக் அமிலம் என்ற கொள்கையின் தூண்களில் ஒருவர் மேயர்ஹாஃப். இன்னொருவர் ஆர்ச்சிபால்ட் ஹில். 1922க்கான நோபல் பரிசு இருவருக்கும்தான். 1930இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமில உற்பத்தியைத் தடுக்கும் அயோடோஅசிட்டேட் கொடுத்த தவளைத் தசை லாக்டிக் அமிலமே உண்டாகாமல் சுருங்குவதைக் காட்டினார். பாஸ்போகிரியேட்டின் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஹில் முரண்டு பிடிக்கவில்லை. 1932இல் தசை உடலியங்கியலில் புரட்சி என்று தாமே கட்டுரை எழுதினார்.

சிலபஸ் பிதுங்குவது தெரியும். ஆனாலும் தசையின் ஒரு துடிப்பை வரைபடமாக்கும் சிம்பிள் மசில் கர்வ் நடத்தும் வாரத்தில் இந்தக் கதைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வைவாவில் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதற்கும் ஒரு கைடு வந்துவிடும். கோட்டில் உட்காராத ரீடிங்கை யாராவது அப்படியே எழுதிக்கொண்டு வந்தால், திருத்தச் சொல்லாமல் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் சிலரிடம் படித்த ஒரு மருத்துவன்