அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடு

அன்புள்ள கார்த்திக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அப்பாவின் மூட்டுவலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, மாடிக்குத் தானே ஏறிப் போய்த் துணி எடுத்து வருகிறார்.

நீ வாட்ஸாப்பில் அனுப்பிய மியூசிக் ஸ்ட்ரீமர் விளம்பரத்தைப் பார்த்தேன், நெட்டிலும் டிஸ்கிலும் இருக்கிற பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் பெட்டி. அறுபதாயிரம் ரூபாய். வாங்காதே. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. எழுதினால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படிப்பாய்.

அந்தப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன கம்ப்யூட்டர், ஒரு வைஃபை, எண்ணை ஒலியாக்கும் டிஏசி சில்லு ஒன்று, அவ்வளவுதான் இருக்கும். மேலே பளபளவென்று அலுமினிய மூடி. சில்லைத் தவிர மற்றதெல்லாம் உன்னிடமே இருக்கிறது. புது வீட்டுக்குச் சாமான் கட்டும்போது ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பலகை ஒன்றை டிராயரில் போட்டு வைத்தாயே, அதைத்தான் சொல்கிறேன். நீ காலேஜ் புராஜெக்ட் முடித்துவிட்டு இங்கே பீரோவில் விட்டுப்போன பை 3 என்ன ஆயிற்று என்று நீ கேட்கவே இல்லை. அது இப்போது கூடத்தில் தாத்தாவின் பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்து காலையிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகட்டும் என்று கேம்பிரிட்ஜில் எபன் அப்டனும் அவர் கூட்டாளிகளும் செய்த பலகை அது. 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 2016இல் வந்த பை 3இல்தான் வைஃபை பலகையிலேயே சேர்ந்தது. அதற்கப்புறம் பாட்டுப் பெட்டி செய்வதற்கு வேறென்ன வேண்டும்?

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் பார்த்த வேலையும் இதுவும் ஒரே குலம்தான். அங்கே குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதி அனுப்புவோம், அதற்குப் பிசிஎம் என்று பெயர். சிடியில் நொடிக்கு 44,100 தடவை, 16 பிட், இடது வலது என்று இரண்டு. பெருக்கிப் பார்த்தால் நொடிக்குச் சுமார் 14 லட்சம் பிட் வரும். கேட்கத்தான் பெரிது, உன் வீட்டு வைஃபைக்கு அது தூசி. அந்தப் பலகையின் பிராசஸருக்கும் தூசி. நீ வீடியோ எடிட் பண்ணப் போவதில்லை. பாட்டுக்கு இது தாராளம்.

பை 4இல் ஹெட்போன் துளை இருக்கிறதே, நேராக அதிலேயே சொருகினால் என்ன என்று கேட்பாய். சொருகலாம், பாட்டும் வரும். ஆனால் அந்தத் துளைக்குப் பின்னால் உருப்படியான டிஏசி கிடையாது. பிராசஸரின் ஒரு பின்னை மகா வேகத்தில் ஆன், ஆஃப் செய்து, துடிப்பின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து, மின்னழுத்தம் மாறுவது போல ஒரு பாவனை காட்டுகிறது. சினிமாப் பாட்டு ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஆலாபனை தொடங்கும் முன் தம்புரா மட்டும் ஒலிக்குமே, அப்போது பார், அடியில் உஸ்ஸென்று ஓர் இரைச்சல். முதல் நாள் அப்பா மழையா என்று ஜன்னலை எட்டிப் பார்த்தார். பை 5இல் அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள், நல்லதாய்ப் போயிற்று.

அதனால் டிஏசி தனியாக வேண்டும். நான் போட்டிருப்பது பிசிஎம்5102 என்ற சில்லு உள்ள ஊதா நிறக் குட்டிப் பலகை. சில நூறு ரூபாய்தான், சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சில்லின் பெயரில் பிசிஎம் என்று பார்த்ததும் எனக்கு எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பிப் போன மாதிரி இருந்தது. ஆறு ஒயர் போட வேண்டும். பையில் இருக்கும் 40 பின்னில் 2ஆவது பின் 5 வோல்ட், 6 கிரவுண்டு. பிட் கிளாக் 12, இடது வலது கிளாக் 35, டேட்டா 40. ஆறாவதாக, எஸ்சிகே என்று எழுதியிருக்கும் பின்னைக் கிரவுண்டோடு சேர்த்துவிடு. சேர்த்தால் தனக்கு வேண்டிய மெயின் கிளாக்கை அந்தச் சில்லு தானே செய்துகொள்ளும். சும்மா விட்டால் சத்தம் வராது, வந்தாலும் கரகரக்கும். ஒயர் எல்லாம் ஒரு விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம். சால்டரிங் பண்ணச் சோம்பலாக இருந்தால் ஹைஃபைபெர்ரி மாதிரிப் பலகைகள் இருக்கின்றன, 40 பின் மேல் அப்படியே அமர்த்தி அழுத்தினால் போதும். விலை சில ஆயிரம் ஆகும். உனக்குக் கை நடுங்காதே, ஊதாவையே வாங்கு.

அப்புறம் பையைப் பாட்டுப் பெட்டியாக்கும் சாஃப்ட்வேர். வாலுமியோ, மூட், பைகோர்பிளேயர் என்று மூன்று நன்றாக ஓடுகின்றன. பார்க்க லட்சணமாக இருப்பது வாலுமியோ. சில வசதிகளுக்கு அதில் சந்தா கேட்பார்கள். மூட் முழுக்க இலவசம், நோண்டிப் பார்க்க நிறைய இருக்கிறது, உன் சுபாவத்துக்கு அது சரிப்படும். இங்கே நான் போட்டது பைகோர்பிளேயர். காரணம் கரண்ட். பராமரிப்பு என்று மாதம் ஒருநாள் நிறுத்துவார்கள், மழைக்காலத்தில் சொல்லாமலும் போகும். பையின் மெமரி கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டே கெட்டுப்போகலாம். பைகோர்பிளேயர் பூட் ஆகும்போதே தன்னை மெமரியில் ஏற்றிக்கொள்ளும், அப்புறம் கார்டுப் பக்கம் அநேகமாகப் போவதில்லை. பாட்டுப் பட்டியலை மட்டும் பென்டிரைவில் எழுதச் சொல்லி வைத்திருக்கிறேன். அது கெட்டாலும் திரும்ப ஸ்கேன் பண்ணினால் போச்சு. அப்பா ராத்திரி பிளக்கையே பிடுங்கிவிட்டுப் படுக்கிறார். காலையில் சொருகினால் தானே எழுந்துகொள்கிறது.

இதில் பாட்டுகளைத் தேடி எடுத்துக் கொடுக்கும் சர்வருக்கு லிரியன் என்று பெயர். அதன் கதை உனக்குத் தெரிய வேண்டும், உன் அறுபதாயிரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது. ஸ்லிம் டிவைசஸ் என்று ஒரு கம்பெனி ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற பாட்டுப் பெட்டி செய்தது. 2006இல் லாஜிடெக் அந்தக் கம்பெனியை வாங்கியது, 2012இல் பெட்டியை நிறுத்திவிட்டது. வேறு கம்பெனியாக இருந்திருந்தால் வாங்கி வைத்தவர்கள் கதி அதோகதிதான். ஆனால் சர்வர் சாஃப்ட்வேர் முதலிலிருந்தே திறந்த மூலமாக, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று இருந்தது. ஆர்வலர்கள் விடாமல் வளர்த்தார்கள், 2024இல் லிரியன் என்று பெயரும் மாற்றிக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் பெட்டியும் இன்றைக்கு இதோடு பேசுகிறது, நம் பையும் பேசுகிறது. நீ அனுப்பிய பெட்டியின் ஆப்பை அந்தக் கம்பெனி ஐந்தாறு வருடத்தில் கைவிட்டால் யாரிடம் போய் நிற்பாய்?

இனிதான் நிஜமான வேலை. பலகையும் ஒயரும் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். பாட்டுக்குப் பெயர் வைப்பது முடியவே முடியாது.

நம் சிடிகளைக் கம்ப்யூட்டரில் போட்டு ஃப்ளாக் கோப்பாக எடுத்தேன். சிடியில் இருப்பதில் ஒரு பிட் குறையாமல் பாதி இடத்துக்குக் கொஞ்சம் மேலே அடங்கிவிடும். ஆனால் இணையத்திலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் பெயர்கள் இருக்கிறதே! எம்.எஸ். புள்ளி வைத்து ஒருவர், புள்ளி இல்லாமல் இன்னொருவர், இனிஷியல் பின்னால் போய் மூன்றாமவர். தியாகராஜர் ஒவ்வொரு சிடியிலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் இருந்தார். வெள்ளைக்காரன் செய்த கட்டங்கள் அவை. பாடியவர், ஆல்பம், வருடம், வகை. ராகத்துக்குக் கட்டமே கிடையாது. பக்கவாத்தியத்தை எங்கே எழுதுவது? நான் வகை என்ற கட்டத்தில் கர்நாடக இசை என்று வந்ததை அழித்துவிட்டு ராகத்தை எழுதினேன். எல்லாமே கர்நாடக இசை என்றால் அந்தக் கட்டம் எதற்கு? இப்போது அப்பா வகையைத் திறந்து தோடியைத் தொட்டால் வீட்டில் இருக்கும் அத்தனை தோடியும் வந்து நிற்கிறது, பாட்டு, நாகஸ்வரம், வயலின் எல்லாம் கலந்து. அறுபதாயிரம் ரூபாய்ப் பெட்டி இதைத் தானாகச் செய்து தராது. எம்பி3டேக் என்ற சாஃப்ட்வேரில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அடியாக மாற்றலாம், ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்காதே.

இன்னொன்று. ராகம் தானம் பல்லவியை சிடியில் மூன்று நான்கு டிராக்காக வெட்டியிருப்பார்கள். எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். சில பிளேயர் அதை வெட்டும், சில வெட்டாது. தானத்திலிருந்து பல்லவிக்குப் போகிற இடத்தில் டக்கென்று ஒரு பள்ளம் விழுந்தால் சகிக்காது. ஃப்ளாக்கில் அந்தத் தொல்லை இல்லை.

கேசட்டுகள் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்துவிட்டு, ஆடாசிட்டி என்ற சாஃப்ட்வேரில் பதிகிறேன். மாமா திருவாரூரில் பதிந்து கொடுத்த நாகஸ்வரக் கேசட் ஒன்று போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் சுற்றிய குட்டி ஸ்க்ரூ ஒன்று இருக்கும் பார், அதைக் கால் சுற்றிலும் குறைவாகத் திருகினேன். சீவாளியின் பிசிறு, தாளக்காரர் தட்டுகிற ஜால்ரா எல்லாம் மேலே வந்துவிட்டன. எந்த மெஷினில் பதிந்தார்களோ அதன் ஹெட் சாய்ந்திருந்த கோணத்துக்கு நம் ஹெட்டும் சாய வேண்டும், அதுதான் சங்கதி. அடுத்த கேசட்டுக்கு மறுபடி திருக வேண்டியிருக்கிறது.

செலவுக் கணக்கு சொல்கிறேன். பலகை உன்னிடம் இருக்கிறது. டிஏசி, ஒயர், நல்ல அடாப்டர், பெட்டி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடித்துவிடலாம். அடாப்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் என்று சொல்லியிருக்கிறார்கள். பழைய போன் சார்ஜரைப் போட்டால் வோல்டேஜ் குறைந்து தடுமாறும். இங்கே பை 3 நாள் முழுக்க ஓடினாலும் மாதம் இரண்டு யூனிட் ஆகுமா என்பதே சந்தேகம். மிச்சப் பணத்தை அப்படியே ஸ்பீக்கரில் போடு. காதுக்குத் தெரிகிற வித்தியாசம் அங்கேதான். பத்தாயிரம் ரூபாய்க்கு யுஎஸ்பி கேபிள் விற்கிறார்கள், அதைப் போட்டதும் வீணையின் மீட்டு துல்லியமாகிவிட்டதாம். முப்பது வருடம் கேபிளோடு குடும்பம் நடத்தியவள் சொல்கிறேன், அந்தக் கடைப் பக்கம் போகாதே.

ஸ்பாட்டிஃபை சந்தா கட்டுகிறாய் அல்லவா, அதுவும் இதில் வரும், அந்த விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆனால் மாமாவின் கேசட் அங்கே கிடைக்காது. தீபாவளிக்கு வரும்போது ஒரு டெராபைட் டிஸ்க் கொண்டு வா, எல்லாவற்றையும் பிரதி எடுத்துத் தருகிறேன். பிரதி ஒன்று உன்னிடம் இருப்பது எனக்கும் நிம்மதி. காலை ஆறு மணிக்கு நாகஸ்வரத்தோடு எழுப்புகிற அலாரமும் லிரியனில் இருக்கிறது. நீ வைக்க மாட்டாய் என்று தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: ரௌட்டரில் பைக்கு எப்போதும் ஒரே ஐபி முகவரி கிடைக்கிற மாதிரி கட்டி வை. இல்லாவிட்டால் வருகிற விருந்தாளிகள் பாட்டு மாற்றுவதற்காகப் போனில் வைத்த புக்மார்க் எல்லாம் ஒருநாள் வேலை செய்யாது. ஸ்பீக்கர் பார்க்கப் போகும்போது தம்புராவோடு தொடங்குகிற பாட்டு ஒன்றை போனில் எடுத்துப் போ. கடைக்காரர் தன் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார், விடாதே.