அந்தக் கண்ணாடி அலுமாரியைத் திறந்துவிடுங்கள்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும், நூலகர் அம்மாவுக்கும், புத்தகக் கொள்வனவுக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் பொது நூலகத்தின் அங்கத்தவர்களில் நானும் ஒருத்தி. கிழமைக்கு ஒருமுறை வாய்க்கால் கரையால் சைக்கிளில் வந்து, இரண்டு புத்தகம் இரவல் எடுத்துக்கொண்டு போவேன். ஒக்ரோபர் வாசிப்பு மாதத்துக்கு முன்னர் புதுப் புத்தகங்கள் வாங்கப்போகிறீர்கள், பட்டியல் தயாராகிறது என்று கேள்விப்பட்டேன். பட்டியல் முடிவாகுமுன் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

நூலகத்துக்குள் நுழைந்ததும் வலப்பக்கத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. வன்னியைப் பற்றிய புத்தகங்கள் எல்லாம் அதற்குள்தான். பூட்டியிருக்கும். கேட்டால் திறந்து தருவீர்கள், ஆனால் அங்கேயே இருந்து வாசிக்க வேண்டும். ஒரு பிரதிதான் உண்டு, துலைந்தால் திரும்பக் கிடைக்காது என்கிறீர்கள். இந்தப் பயம் எனக்கு நன்றாக விளங்கும். 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியபோதும், 2009 தொடக்கத்தில் ஊர் ஊராக நகர்ந்தபோதும் எங்கள் வீட்டில் கடைசியாக எடுத்ததும் முதலில் கைவிட்டதும் புத்தகம்தான். ஆனாலும் கேட்கிறேன். வயலால் வந்து நான்கு மணிக்குப் படியேறுகிறவள், ஐந்து மணிக்கு மூடும் நூலகத்தில் ஒரு நாவலை எத்தனை மாதத்தில் வாசித்து முடிப்பாள்?

இரவல் பகுதியில் என்ன இருக்கிறது? பரீட்சை வழிகாட்டிகள், முப்பது நாளில் வெற்றி பெறுவது எப்படி என்பது போன்ற புத்தகங்கள், வெளிநாட்டிலிருந்து யாரோ அன்போடு பெட்டியில் அனுப்பியவை. பரீட்சைப் புத்தகங்கள் வேண்டும், பிள்ளைகளுக்கு அவை உயிர்நாடி. வெற்றிப் புத்தகங்களில் ஐந்தாறு வாசித்துவிட்டேன். காலையில் நேரத்துக்கு எழும்பு, நல்லதை நினை, பணம் வரும் என்கின்றன. விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பி வயலுக்குப் போகிற சனத்துக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. இனி அவற்றுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

அந்த அலுமாரிக்குள் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' இருக்கிறது. 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்து, சாகித்திய விருதும் பெற்ற நாவல். கதை நடப்பது முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணிமுறிப்பில். விறகுக்குப் போகும் காடும் தேன் எடுக்கும் மரமும் குளத்துக் கட்டும் ஒரு புத்தகத்துக்குள் வரலாம் என்று எனக்குக் காட்டியது அதுதான். அதுவரை புத்தகம் என்றால் தஞ்சாவூர், சென்னை, மிஞ்சினால் யாழ்ப்பாணம். பதஞ்சலி, கதிராமன், சுந்தரலிங்கம் மூன்று பேரில் யாரையும் என்னால் கெட்டவர் என்று தள்ள முடியவில்லை. ஆனால் ஒரு குறையும் எனக்கு உண்டு. பதஞ்சலியை ஒன்றும் அறியாத பிள்ளையாகவே கடைசிவரை வைத்திருக்கிறது கதை. காட்டோரத்தில் வளர்ந்த பெண்கள் அப்படி இல்லை. எனக்குத் தெரிந்த பெண்கள் யானை வரும் வழியையும் மனிதர் வரும் வழியையும் சேர்த்தே கணித்துத்தான் குடத்தைத் தூக்குவார்கள். இதை யாரோடாவது கதைக்க ஆசை. எங்கள் ஒழுங்கையில் வேறு யாரும் அதை வாசித்திருந்தால்தானே கதைக்கலாம்! 1984இல் தண்ணிமுறிப்புச் சனம் ஊரைவிட்டு எழும்பிப் போனது. அந்த ஊர் மக்கள் ஊரில் இருந்த காலத்தைச் சொல்கிற புத்தகம், அவர்களின் பேரப்பிள்ளைகள் எடுத்துப்போக முடியாதபடி பூட்டுக்குள் இருக்கிறது.

செங்கை ஆழியானின் 'காட்டாறு' பக்கத்திலேயே இருக்கிறது. அவர் நிர்வாக அதிகாரியாக இருந்தவர். குடியேற்றக் கிராமத்தில் ஏழையின் காணியும் உழைப்பும் எப்படி வேறு கைக்குப் போகின்றன என்பதை உள்ளிருந்து பார்த்தவர் எழுதிய எழுத்து. கந்தோர் வாசலில் கால்கடுக்க நின்ற எவருக்கும் அது விளங்கும். ஆட்களைத்தான் நல்லவர் ஒருபக்கம், கெட்டவர் ஒருபக்கம் என்று பிரித்து வைத்துவிட்டார், அது எனக்குப் பிடிக்கவில்லை. தாமரைச்செல்வியின் 'பச்சை வயல் கனவு' அப்படியல்ல. பரந்தன் குமரபுரத்துக்காரர், காடு வெட்டி வயலாக்கியவர்களின் கதையைப் பொறுமையாகச் சொல்கிறார். சில இடங்களில் மெதுவாகப் போகிறது, உண்மைதான். வயலும் மெதுவாகத்தான் விளையும். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட ஆசைப்பட்டேன். அம்மாவால் இப்போது நூலகம்வரை வர முடியாது.

'ஒரு கூர்வாளின் நிழலில்' பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடலில் நேர்மை இருக்காது. புலிகள் இயக்கத்தின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி எழுதிய தன்வரலாறு அது. தமிழினி 2015 ஒக்ரோபரில் இறந்தார், புத்தகம் அடுத்த ஆண்டு வந்தது. அதைச் சுற்றி எவ்வளவு சண்டை நடந்தது என்பது உங்களுக்கும் தெரியும். சில பக்கங்களில் அழுதேன். சில பக்கங்களில் கோபம் வந்து மூடி வைத்தேன். எழுதியவர் உயிரோடு இருந்து பதில் சொல்ல முடியாத புத்தகத்தோடு சண்டை போடுவது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அதை ஒரு அக்காவிடம் கொடுத்தேன், அவர் இரண்டு நாளில் திருப்பித் தந்து, "இதில் பாதி என் கதை, மற்றப் பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்" என்றார். அன்றைக்கு இரவு ஒன்பது மணிவரை கதைத்தோம். பதினைந்து வருடமாக அவர் வாய் திறக்காத விஷயங்கள். பிரச்சினை வரும் என்று இப்படியான புத்தகங்களை வாங்காமல் விடாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்கிறேன்.

இன்னுமொன்று. என் அப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து இங்கே வந்தவர். பாரதிபுரம், மலையாளபுரம் பக்கமெல்லாம் எங்களைப் போன்ற குடும்பங்கள் எத்தனை! ஆனால் நூலகத்தில் தெளிவத்தை ஜோசப்பின் ஒரு கதைத்தொகுதிகூட இல்லை. 'நாமிருக்கும் நாடே' என்ற தொகுதியைக் கடன் வாங்கித்தான் வாசித்தேன். லயத்து வாழ்க்கையை அப்பா ஒருபோதும் எங்களிடம் சொன்னதில்லை, ஜோசப் சொன்னார். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலையும் பட்டியலில் சேருங்கள். கரடுமுரடான எழுத்து, இடையிடையே மேடைப்பேச்சு மாதிரிப் போகும். ஆனாலும் கிணற்றடியில் ஒதுங்கி நிற்கச் சொல்லப்பட்டவர்களை அவ்வளவு கிட்டத்தில் நின்று எழுதியவர்கள் குறைவு. வன்னியில் சாதி இல்லை என்று சொல்பவர்கள் முதலில் அதை வாசிக்க வேண்டும்.

'பொன்னியின் செல்வன்' மூன்று செட் வைத்திருக்கிறீர்கள். நானும் பதினாறு வயதில் சோறு தண்ணி இல்லாமல் வாசித்தேன். இரண்டாம் பாகத்தில் பூங்குழலி படகு வலித்து இந்தப் பக்கம் வரும்போது நெஞ்சு படபடத்தது. வாசிப்புக்குள் ஒரு பிள்ளையை இழுத்துவர அதைப்போல வேறில்லை. ஆனால் ஒரு செட் போதும். அதைத் திருப்பி வைக்கிற பிள்ளையின் கையில் அடுத்தது என்ன கொடுப்பது என்றுதான் யோசிக்க வேண்டும். நான் என்றால் அசோகமித்திரனின் 'தண்ணீர்' கொடுப்பேன். முதல்முறை வாசித்தபோது ஒன்றுமே நடக்கவில்லையே என்று சலித்தேன். பிறகு ஒரு வறட்சிக் காலத்தில், பவுசர் வரும்வரை வாளியோடு வரிசையில் நின்றபடி திரும்ப வாசித்தேன். குடத்தோடு அலையும் ஜமுனா சென்னையில் இல்லை, எனக்கு முன்னால் மூன்றாவது ஆளாக நின்றாள். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை என்றால் றொபேட் நொக்ஸின் புத்தகத்தைக் காட்டலாம். பத்தொன்பது வருடம் கண்டி ராச்சியத்தில் சிறைப்பட்டுக் கிடந்து, 1679இல் தப்பி, காட்டாற்றோரமாக நடந்து அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்த மனிதர். மன்னார்ப் பிள்ளைகளுக்கு அது பக்கத்து ஊர்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் கேட்பது 'அன்னை வயல்'. கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதியது, மொஸ்கோவிலிருந்து தமிழில் அச்சாகி வந்தது. 1996இல் ஸ்கந்தபுரம் பக்கத்தில் மரத்தடி வகுப்பு நடந்தபோது எங்கள் ஆசிரியை ஒருவர் கைமாற்றித் தந்தார். அட்டை இல்லை, முதல் நான்கு பக்கமும் இல்லை. தொல்கொனாய் என்ற கிழவி ஒருநாள் வயலுக்குப் போய் வயலோடு கதைக்கிறாள், வயலும் பதில் சொல்கிறது. யுத்தத்தில் புருஷனையும் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்தவள். மிஞ்சியிருக்கும் பேரனுக்கு உண்மையை எப்படிச் சொல்வது என்று வயலிடம் கேட்கிறாள். அந்தத் தமிழ் இறுக்கமானது, பெயர்கள் வாய்க்குள் நுழையாது, கூட்டுப்பண்ணை பற்றிய பெருமை எனக்கு ஒட்டவில்லை. ஆனாலும் மகன் போகும் ரயில் நிற்காமலே கடந்துபோகிற இடத்தில் என்னால் தொடர்ந்து வாசிக்க முடியவில்லை.

அந்த வயதில் அது எனக்கு ஒரு கதை. 2010இல் திரும்பி வந்தபோது எங்கள் வயல் வரம்பில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை நட்டிருந்தது. மிதிவெடி அகற்றும்வரை உள்ளே கால்வைக்க முடியாது. பக்கத்து வீட்டு ஆச்சி ஒவ்வொரு நாளும் வந்து அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று வயலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்கும் மூன்று பிள்ளைகள். தொல்கொனாய்க்கு வயலிடம் போகவாவது முடிந்தது என்று அன்றைக்கு நினைத்தேன். ஆச்சிக்கு அந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ தேடினேன், புத்தகம் கிடைக்கவில்லை. போன வருடம் ஆச்சி போய்விட்டார்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். புதிதாக வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை அலுமாரிப் புத்தகங்களின் இரண்டாவது பிரதிக்கு ஒதுக்குங்கள். முதல் பிரதி பூட்டில் இருக்கட்டும், இரண்டாவது வீடுகளுக்குப் போகட்டும். பட்டியல் போடுமுன் வாசகர்களைக் கூப்பிட்டு ஒரு பின்னேரம் இருத்திக் கேளுங்கள். எனக்குப் பிடிக்காததைப் பிடித்தவர்கள் வருவார்கள், அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என்னிடம் 'நிலக்கிளி' ஒரு பிரதி இருக்கிறது, பிந்திய பதிப்பு. வருகிற சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். அதை இரவல் பகுதியில் வையுங்கள். துலைந்தால் நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நூலக அங்கத்தவர் ஒருத்தி