இன்றேல், ஏன்? – யாழ்ப்பாணத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஒரு கடிதம்

கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞனாகச் சேர்ந்து, கோவைகளைக் கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் முப்பது வருடங்களுக்கு மேல் கழித்து, இப்போது ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் ஒருவன் எழுதும் கடிதம் இது. வயதைப் பார்த்தால் தங்களைத் தம்பி என்று விளித்திருக்கலாம். ஆனால் தாங்கள் வகிக்கும் பதவிக்கு எழுதுகிறேன் என்பதால் அதைத் தவிர்த்திருக்கிறேன். பாராளுமன்றம் கூடும் நாட்களில் காலை 9.30 மணிக்குத் தேநீரோடு நேரலைக்கு முன்னால் அமர்ந்துவிடுவது என் பழக்கம். மனைவி அதை 'உங்கட நாடகம்' என்பார். வாய்மூல விடைக்கான வினாக்கள் முடிந்ததும் நான் எழுந்துவிடுவேன். அதற்குப் பிறகு வருவதைப் பற்றி அவரோடு வாதாட என்னிடம் ஆதாரம் இல்லை.

தாங்கள் சபைக்குச் சென்ற நாளிலிருந்து கேட்ட வினாக்களை ஒரு சி.ஆர். கொப்பியில் குறித்து வருகிறேன். கடற்றொழில், குடிநீர், காணி, ஆசிரியர் இடமாற்றம், தாதியர் வெற்றிடம், தீவுகளுக்கான படகு, வெங்காய இறக்குமதி, பலாலி விமான நிலையம் என்று ஒரு மாவட்டத்தின் குறைகள் அத்தனையும் அதன் இடப்பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்னும் இரு நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்த எமது தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள் இருந்தன. 2024இல் அவை ஆறாகிவிட்டன. 225 பேர் அமரும் அவையில் ஆறு பேர் இவ்வளவையும் கேட்டாக வேண்டும் என்பதால், எதையும் விட்டுவிடக் கூடாது என்ற தங்கள் தவிப்பு எனக்கு விளங்குகிறது. 1983 ஓகஸ்டில் வந்த அரசியலமைப்பின் 6ஆவது திருத்தம் கேட்ட, தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்னும் சத்தியப்பிரமாணத்தை ஏற்க மறுத்து எமது உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்த பின்னர், 1989 தேர்தல் வரை எமக்காக அங்கே எழுந்து நின்று ஒரு வினாவைக் கேட்க மக்கள் தெரிவுசெய்தவர் எவரும் இருக்கவில்லை. அந்த வருடங்களில் வேலை பார்த்தவன் என்ற வகையில், வினாப் பத்திரத்தில் யாழ்ப்பாணத்தின் பெயர் வருவதே எனக்கு இன்றும் ஒரு ஆறுதல்.

இருந்தும், அந்தக் கொப்பியின் வலப்பக்கத்தில் விடைகளுக்காக நான் விட்டுவைத்த இடம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. அமைச்சர்கள் விடையளிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் சொன்னவற்றில் எழுதி வைக்கத்தக்கதாக எதுவும் இருக்கவில்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்படியான விடைகளை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரு உறுப்பினர் கொடுக்கும் வினா அமைச்சுக்கும், அங்கிருந்து திணைக்களத்துக்கும், பிறகு மாவட்டத்துக்கும் பிரதேசத்துக்குமாகப் படியிறங்கி, கடைசியில் 'பாராளுமன்ற வினா – மிக அவசரம்' என்ற தலைப்போடு எங்களைப் போன்றவர்களின் மேசைக்கு வந்து சேரும். அந்தக் காலத்தில் தொலைநகலில் வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறதாம். வருவது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம். விடை போக வேண்டியது திங்கட்கிழமை காலை. அப்படி வந்த வினாக்களில் ஒன்றை நான் இன்றுவரை மறக்கவில்லை. (அ) இன்ன கிராமத்தின் இன்ன வீதியிலுள்ள மதகு சேதமடைந்துள்ளது என்பதை அவர் அறிவாரா? (ஆ) அதனைத் திருத்துவதற்கு நடவடிக்கை எடுப்பாரா? (இ) இன்றேல், ஏன்? நான் எழுதிக் கொடுத்த விடை இது: (அ) ஆம். (ஆ) ஆம். (இ) ஏற்புடையதன்று.

அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. மேலதிகாரி ஒப்பமிட்டார், அமைச்சர் வாசித்தார், உறுப்பினர் நன்றி தெரிவித்தார், மதகு திருத்தப்படும் என்று பத்திரிகையிலும் செய்தி வந்தது. அந்த மதகைக் கடந்துதான் நான் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தேன். உடைந்த இடத்தில் யாரோ ஒரு பனைமட்டையை நட்டு, அதன் நுனியில் சிவப்புச் சீலைத் துண்டொன்றைக் கட்டியிருந்தார்கள். மாரி மழையில் மட்டை உக்கிப்போனதும் வேறொரு மட்டை வந்தது. வெயிலில் சீலை வெளிறியதும் வேறு சீலை வந்தது. மூன்றாவது மட்டை நிற்கும்போது எனக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது.

அந்த உறுப்பினர் வேறு விதமாகக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். மதகுக்கான மதிப்பீடு தயாரிக்கப்பட்ட திகதி யாது, எந்த ஆண்டின் ஒதுக்கீட்டில், எந்தச் செலவினத் தலைப்பின் கீழ், எவ்வளவு தொகை என்று கேட்டிருந்தால், அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போயிருக்க முடியாது. தொழில்நுட்ப உத்தியோகத்தரை வீடு தேடிப் போய்க் கூட்டி வந்திருக்க வேண்டும். 'மதிப்பீடு எதுவும் தயாரிக்கப்படவில்லை' என்ற வசனத்தை அமைச்சரின் வாயில் வைக்க எங்கள் மேலதிகாரிகளில் எவருக்கும் துணிவு வந்திராது. அந்தப் பயத்திலேயே சனிக்கிழமை ஒரு அளவு நாடா அந்த மதகடிக்கு வந்திருக்கும். சபையில் தங்களுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களை விட, அதற்கு முந்திய அந்த இரண்டு மூன்று நாட்களில்தான் ஒரு வினா அதிகம் வேலை செய்கிறது. தங்கள் வினாக்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை 'அறிவாரா', 'எடுப்பாரா' என்றே முடிகின்றன என்பதைக் கொப்பியைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அந்த இரண்டு சொற்களும் எழுதுவினைஞனுக்கு வெள்ளிக்கிழமையை விடுமுறையாக்கிக் கொடுக்கின்றன.

சுன்னாகத்து நிலத்தடி நீர் பற்றித் தாங்கள் கேட்டதை உதாரணமாக எடுக்கலாம். கிணற்று நீர் மாசடைந்துள்ளதை அறிவாரா என்று கேட்டீர்கள், அறிவேன் என்றார்கள். நாடே அறியும். அனல்மின் நிலையத்திலிருந்து வெளியேறிய எண்ணெய்க் கழிவு தொடர்பான வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தப்பட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. அந்தத் தொகையில் இன்றுவரை எவ்வளவு, எத்தனை குடும்பங்களுக்கு, எந்த எந்தத் திகதிகளில் வழங்கப்பட்டது என்று கேட்டிருந்தால் என் கொப்பியில் மூன்று எண்களாவது ஏறியிருக்கும்.

அடுத்தது, யாரிடம் கேட்பது என்பது. இதில் தங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எமது நிர்வாகம் அப்படிச் சிக்கலாகக் கிடக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் உள்ளது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ் உள்ளன. தேசிய பாடசாலையின் ஆசிரியர் ஒரு பக்கம், மதிலுக்கு அடுத்த பக்கத்துப் பாடசாலையின் ஆசிரியர் மறுபக்கம். நெடுந்தீவுக்கு ஓடும் குமுதினிப் படகும், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் 'பாதை' என்னும் மிதவையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளவை. ஆகவே கடலில் போகிறவனின் குறையை நெடுஞ்சாலைகளுக்குப் பொறுப்பான அமைச்சரிடம் கேட்க வேண்டும். கடற்றொழில் அமைச்சரிடம் கேட்டால் அவர் அனுதாபம் தெரிவிப்பார். அனுதாபத்துக்குச் செலவினத் தலைப்பு இல்லை.

தங்கள் வினாக்களில் குறைந்தது மூன்றிலொன்று 'இது மாகாண சபைக்குரிய விடயம்' என்ற ஒற்றை வசனத்தோடு திரும்பி வந்திருக்கிறது. கைதடியில் அந்தச் சபை இருந்தால் அந்த வசனம் நியாயமானது. 2013 செப்டெம்பர் 21இல் தெரிவான 38 உறுப்பினர்களைக் கொண்ட வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் அங்கே ஆளுநரும் செயலாளர்களும் இருக்கிறார்களே தவிர, அவர்களிடம் வினாக் கேட்க மக்கள் அனுப்பிய ஒருவரும் இல்லை. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் தேர்தல் முறை மாற்றப்பட்டது. அதன்படி தயாரான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே நிராகரித்தது. தேர்தல் அந்த இடத்தில் சிக்கிக்கொண்டது. ஆகவே பருத்தித்துறைத் தாதியர் வெற்றிடம் பற்றிய வினா திருப்பி அனுப்பப்படும்போது, கேட்கும் இடத்தைப் பூட்டியவர்களே அங்கே போய்க் கேள் என்கிறார்கள். இதற்கு நான் கண்ட வழி ஒன்றுண்டு. மாகாணத்துக்குப் போகும் பணத்தில் பெரும்பகுதி மத்தியிலிருந்துதான் போகிறது. வடக்கின் சுகாதாரத்துக்கு நிதி ஆணைக்குழு விதந்துரைத்த தொகை எவ்வளவு, பாராளுமன்றம் ஒதுக்கியது எவ்வளவு, திறைசேரி எந்தத் திகதியில் எவ்வளவை விடுவித்தது என்று நிதி அமைச்சரிடம் கேட்டால், அதை மாகாண விடயம் என்று தள்ளிவிட எவராலும் முடியாது.

அமைச்சர் 'விடையளிக்க இரண்டு வாரம் தேவை' என்று கேட்பதும், அந்த இரண்டு வாரம் ஆறு மாதமாவதும் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்த நாட்டில் ஒரு சாதாரண குடிமகன் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால், தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானித்தாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழுவும் உண்டு. எண்களைத் தங்கள் செயலாளர் அந்த வழியில் முதலே பெற்றுவிடலாம். பிறகு சபையில் எண்ணைக் கேட்க வேண்டியதில்லை. அந்த எண் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கலாம். அமைச்சரவை பாராளுமன்றத்துக்குப் பொறுப்புக் கூற வேண்டும் என்று அரசியலமைப்பின் 42ஆம் உறுப்புரை சொல்வது அந்த இரண்டாவது வகை வினாவுக்குத்தான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

மொழியைப் பற்றியும் ஒன்று. வாய்மூல வினா, சபையின் அதிகாரபூர்வ பதிவான ஹன்சாட்டில் மூன்று மொழிகளிலும் அச்சாகிறது. விடையோ அமைச்சர் பேசிய மொழியில் மட்டுமே அச்சாகிறது. நேரடி உரைபெயர்ப்பு சபைக்குள் காதோடு போய்விடுகிறது. 'விடையைச் சபாபீடத்தில் வைக்கின்றேன்' என்று அமைச்சர் வைத்துவிட்டுப் போகும் இணைப்புகளைத் திறந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்? தாங்கள் கேட்கும் காணொளி முகநூலில் அன்றே வந்துவிடுகிறது, ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். அதே பக்கத்தில், கிடைத்த விடையின் தமிழாக்கத்தையும் இணைப்பிலுள்ள அட்டவணையையும் போட ஒரு இளைஞரை அமர்த்தினால் போதும். பார்ப்பவர்கள் குறைவாக இருப்பார்கள். ஆனால் அந்த அட்டவணையில் தன் கிராமத்தின் பெயரைத் தேடும் ஒரு சனசமூக நிலையத் தலைவர், அங்கே 'வேலை முடிந்துள்ளது' என்று எழுதியிருப்பதைக் கண்டால் சும்மா இருக்க மாட்டார்.

இனி, தாங்கள் கேட்கத் தயங்கும் வினா. எல்லை தாண்டி வரும் இந்திய றோலர்களை, அதாவது இழுவைப் படகுகளைப் பற்றித் தாங்கள் ஏறக்குறைய ஒவ்வொரு அமர்விலும் பேசியிருக்கிறீர்கள். பேசத்தான் வேண்டும், வலை அறுந்து கரைக்கு வருகிறவனின் நட்டம் பொய்யில்லை. வெளிநாட்டுப் படகுகளுக்கு 1979ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் கடலடியை வாரி இழுக்கும் வலையான அடித்தள இழுவைமடியை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் எங்கள் ஆட்களுக்கும் சேர்த்தே தடை செய்தது. குருநகர்க் கரையில் நிற்கும் உள்ளூர் இழுவைப் படகுகளைப் பற்றி எந்தக் கட்சியின் உறுப்பினரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் அங்கேயும் வாக்குகள் இருக்கின்றன. அந்தத் தொழிலை விட்டால் அவர்கள் எதைச் செய்வது என்பதற்கும் எவரும் விடை தேடுவதில்லை. இதைக் கேட்டால் குருநகரில் தங்கள் சுவரொட்டியில் சாணி அடிக்கலாம். ஆனாலும் வினாவை நானே எழுதி இத்துடன் வைக்கிறேன். ஓய்வுபெற்றாலும் கை பழக்கத்தை விடவில்லை.

கடற்றொழில் அமைச்சரைக் கேட்பதற்கு:

(அ) 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அடித்தள இழுவைமடித் தொழில் தொடர்பாக யாழ்ப்பாண மாவட்டத்தில் 2018 முதல் இன்றுவரை ஆண்டுவாரியாகத் தாக்கல் செய்யப்பட்ட வழக்குகளின் எண்ணிக்கை யாது என்பதையும்;

(ஆ) அவ்வழக்குகளில் முடிவுற்றவை எத்தனை, நிலுவையிலுள்ளவை எத்தனை என்பதையும்;

(இ) இத்தடையால் தொழிலை விட வேண்டியவர்களுக்கு மாற்றுத் தொழிலுக்கென ஒதுக்கப்பட்ட தொகை, அதற்குரிய செலவினத் தலைப்பு, வழங்கப்பட்ட தொகை, வழங்கப்பட்ட திகதிகள் ஆகியவை தனித்தனியே யாவை என்பதையும்;

(ஈ) அத்தொகை வழங்கப்பட்ட குடும்பங்களின் எண்ணிக்கை கிராம அலுவலர் பிரிவுவாரியாக யாது என்பதையும்

அவர் இச்சபையில் அறிவிப்பாரா?

'இன்றேல், ஏன்?' என்ற வரியை நான் சேர்க்கவில்லை. இடப்பக்கத்தில் இன்றைய திகதியிட்டு இதைப் பதிந்து, வலப்பக்கத்தில் நான்கு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.