முடியாது என்று சொல்லாத கடவுள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் கடவுளோடு தனிப்பட்ட உறவு வைத்துக்கொள்வது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ‘இது மதம் இல்லை, உறவு’ என்கிற வரியைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம், அம்மாவுக்கு விடியற்காலை நாலு மணி ஜெபம், ஞாயிறு சாயங்காலம் வீட்டில் ஜெபக்கூட்டம், அதில் கடவுள் தனக்குச் செய்ததை ஆளாளுக்கு எழுந்து சொல்லும் சாட்சி. ‘ஆண்டவர் என்னோடு பேசினார்’ என்பது எங்கள் வீட்டில் ‘பால்காரர் வந்துவிட்டுப் போனார்’ என்பது மாதிரி சாதாரணப் பேச்சு. அதனால் கேலி செய்ய இதை எழுதவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான்.

உறவு என்றால் எதிரில் இன்னொருவர் வேண்டும். அவர் நான் நினைக்காததைச் சொல்ல வேண்டும், சில நேரம் முகத்தில் அடித்த மாதிரி ‘முடியாது’ என்றும் சொல்ல வேண்டும். என் மனைவி சொல்கிறாள். கடன் கேட்டால் மளிகைக் கடை அண்ணாச்சியும் சொல்கிறார். கடவுள் மட்டும் ஏன் கேட்டவர் பக்கமே பேசுகிறார்?

தாத்தா விட்டுப்போன ஒன்பது சென்ட் மனை ஒன்று எங்களுக்கு இருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு மாமாவுக்குப் பணம் தேவைப்பட்டது, அம்மாவுக்கு விற்க மனசில்லை. சரி, ஆண்டவரிடமே கேட்போம் என்று இரண்டு பேரும் மூன்று நாள் உபவாசம் இருந்தார்கள். மாமாவுக்கு ‘விற்றுவிடு’ என்று உணர்த்தப்பட்டது, அம்மாவுக்கு ‘விற்காதே’ என்று. இரண்டுக்கும் வசனம் வேறு. அம்மா கையில், பிதாக்களின் சொத்தை ராஜாவுக்கே தரமாட்டேன் என்ற பைபிளின் நாபோத். மாமா கையில் லூக்கா 12, உள்ளதை விற்கச் சொல்கிற இடம். விற்றுப் பிச்சை கொடுக்கச் சொல்கிறதே என்று நான் கேட்டதற்கு அப்புறம் அவர் என்னிடம் ஒரு வருடம் பேசவில்லை.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருடத்துக்கென்று பைபிள் வசனம் ஒன்று அச்சிட்ட அட்டை, எடுப்பார்கள். ஒரு தடவை என் பெரியம்மா எடுத்த அட்டையில் உபத்திரவம், பொறுமை என்று ஏதோ வந்துவிட்டது. வாசித்தார், ‘இது எனக்கு இல்லே’ என்று திரும்பத் தட்டில் போட்டுவிட்டு, பச்சை பார்டர் போட்ட இன்னொன்றை எடுத்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். அந்த ஒரு விநாடியில் பேசியது யார், கேட்டது யார்?

பைபிள் சொல்கிற கடவுளின் ‘அமர்ந்த மெல்லிய சத்தத்தை’ நீ கேட்கப் பழகவில்லை என்பார்கள். பழகுவது உண்மைதான். டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் சிகாகோவிலும் கலிஃபோர்னியாவிலும் வைன்யார்டு என்ற கிறிஸ்தவ சபையாரோடு வருடக்கணக்கில் உட்கார்ந்து கவனித்து 2012-இல் எழுதினார். மனசில் ஓடுகிற எண்ணங்களில் எது தன்னுடையது, எது கடவுளுடையது என்று பிரிக்க அங்கே பயிற்சி எடுக்கிறார்கள். கடவுளுக்கும் சேர்த்து ஒரு கப் காபி ஊற்றி வைத்துப் பேசுகிறவர்கள்கூட உண்டு. பழகினால் வருகிறது, சரி. ஆனால் பழகினது உண்மையைச் சொல்கிறதா? 2009-இல் சிகாகோ பல்கலைக்கழகத்து நிக்கோலஸ் எப்லியும் கூட வேலை செய்தவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இந்த விஷயத்தில் கடவுள் என்ன நினைப்பார் என்று நம்பிக்கையுள்ளவர்களிடம் கேட்டபோது, மற்ற மனிதர்களைப் பற்றிச் சொன்னதைவிடக் கடவுளைப் பற்றிச் சொன்னதுதான் சொந்தக் கருத்தோடு அதிகம் ஒட்டிப்போனது. அவர்களுடைய கருத்தைச் சோதனையில் கொஞ்சம் அசைத்துவிட்டால் கடவுளின் கருத்தும் கூடவே நகர்ந்தது. இதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் பச்சை அட்டைதான் ஞாபகம் வந்தது.

இந்த விஷயத்தில் சுந்தரர் எனக்குப் பிடித்தவர். சிவனுக்கே தோழர் என்பதால் தம்பிரான் தோழர் என்றே பெயர். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியதும் கண் இரண்டும் போகிறது. தட்டுத்தடுமாறித் திருவெண்பாக்கம் போய் ‘கோயில் உளாயே’ என்று கேட்டால், உள்ளேயிருந்து வந்த பதில் ‘உளோம் போகீர்’. இருக்கிறோம், நீ போ! (அந்தப் பழைய கோயில் இருந்த இடம் இப்போது பூண்டி ஏரித் தண்ணீருக்குள்.) ஒரு கண் காஞ்சிபுரத்தில் வந்தது, மற்றதைத் தராமல் இழுத்தடித்தபோது திருவாரூரில் நின்று ‘வாழ்ந்து போதீரே’, நல்லா இருந்துட்டுப் போம் என்று பாடினார். நடந்ததா என்று கேட்டால் நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் கதையிலாவது எதிரில் ஓர் ஆள் இருக்கிறார், கோபித்துக்கொள்கிறார், கேட்டதைத் தரமாட்டேன் என்கிறார்.

அன்னை தெரசாவை விடவா நமக்கெல்லாம் நெருக்கம்? 2007-இல் வெளிவந்த அவருடைய கடிதங்களைப் பாருங்கள். நோபல் பரிசு வாங்கிய அதே 1979-இல் ஒரு பாதிரியாருக்கு, தான் பார்த்தும் காணவில்லை, கேட்டும் கேட்கவில்லை, அத்தனை மௌனம் என்று எழுதுகிறார். அந்த வறட்சி கிட்டத்தட்ட ஐம்பது வருடம். விசுவாசிகள் அதற்கும் விளக்கம் வைத்திருக்கிறார்கள், மௌனமும் ஒரு வகை நெருக்கமாம். பேசினாலும் உறவு, பேசாவிட்டாலும் உறவு என்றால், உறவு இல்லாமல் இருந்தால் அது எப்படித்தான் இருக்கும் என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அம்மா அழுது ஜெபித்துவிட்டு எழுந்திருக்கும்போது முகம் தெளிந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன், அதை மறுக்கவில்லை. கட்டுரையாளரிடம் கேட்க விரும்புவது இதுதான்: இத்தனை வருடப் பேச்சில், உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத, உங்கள் எதிராளிக்குச் சாதகமான ஒரு விஷயத்தைக் கடவுள் எப்போதாவது சொன்னாரா? அந்த ஒன்பது சென்ட்டில் இப்போது சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அம்மாவும் மாமாவும் இன்னும் தினமும் அதற்காக ஜெபிக்கிறார்கள், தனித்தனியாக.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை