எங்கள் ரேஷன் கடைக்கு உளுந்தைத் திரும்ப அனுப்புங்கள்

ரேஷன் கடைக்கு எந்தப் பொருள், என்ன விலைக்கு, எந்த மாதம் போக வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போகிறார். பெண் பிள்ளைகள் இரண்டு, கூட அத்தை, ஆக வீட்டில் ஐந்து பேர். கடைக்கு எது வருகிறது, எது எப்போது நின்றது என்பதெல்லாம் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் பழைய கதையை நீட்டப் போவதில்லை. போன வாரம் கடை வாசலில் காதில் விழுந்த ஒரு பேச்சுதான் என்னை எழுத வைத்தது.

காலையிலிருந்து வரிசையில் நின்றோம். பத்தரை மணிக்கெல்லாம் துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு ஆச்சி, "உளுந்தாவது போடக் கூடாதாய்யா, முன்னால போட்டீங்கள்லா" என்று கேட்டார்கள். அன்றைக்கு ஆய்வுக்கு வந்திருந்த ஒருவர், "அரிசி சும்மா கிடைக்கு. அதுல இட்லி சுட உளுந்தும் சும்மா வேணுமாக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். வரிசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆச்சி வெறும் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் வாய் திறக்காமல் வந்துவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன்.

நாங்கள் உளுந்தைச் சும்மா கேட்கவில்லை. முன்பும் சும்மா வாங்கவில்லை. 2007-ல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்தபோது துவரம்பருப்பு, உளுந்து, பாமாயில் மூன்றும் கடைக்கு வந்தன. உளுந்து கிலோ 30 ரூபாய் என்று காசு கொடுத்துத்தான் வாங்கினோம். 2017-ல் உளுந்தை மட்டும் நிறுத்தினீர்கள். 2021 தேர்தலின்போது உளுந்து மறுபடியும் தரப்படும் என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. இன்றுவரை எங்கள் கடைக்கு அது வரவில்லை. கார்டுக்கு மாதம் ஒரு கிலோ உளுந்து, நியாயமான விலைக்கு வேண்டும். இந்த மடலில் நான் முக்கியமாகக் கேட்பது இதுதான்.

துவரம்பருப்பை 30 ரூபாய்க்கும் பாமாயிலை 25 ரூபாய்க்கும் தருகிறோமே, அப்புறம் உளுந்து எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். தருகிறீர்கள். நேரத்துக்கு வருகிற மாதத்தில் அது பெரிய உதவி, அதை மறந்து பேசினால் எனக்குப் பாவம். ஆனால் எங்கள் திருநெல்வேலிச் சீமையில் உளுந்து இட்லிக்கு மட்டும் ஆன சாமான் இல்லை. தோல் நீக்காத தொலி உளுந்து போட்டு உளுந்தம்பருப்புச் சோறு பொங்கி, எள்ளுத் துவையல் அரைத்தால் ஒரு நேரத்துக்குக் குடும்பமே வயிறு நிறைந்து எழுந்திருக்கும். பிள்ளை பெற்றவளுக்கு உளுந்து, இடுப்பு விட்டுப்போன கிழவிக்கு உளுந்து, பெரியவளான பிள்ளைக்கு உளுந்தங்களி. இது ஆடம்பரச் சாப்பாடு இல்லை. இல்லாத வீட்டிலும் பெண் பிள்ளையின் உடம்புக்கு என்று எடுத்து வைத்திருந்த ஒரே சாப்பாடு இதுதான்.

என் மூத்தவள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். ஐப்பசியில் பெரியவளானாள். பதினாறு நாளும் காலையில் வெறும் வயிற்றில் களி கொடுக்க வேண்டும், நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்ற வேண்டும் என்று அத்தை சொன்னார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி தாய்மாமன் சீராக ஒரு கிலோ கருப்பு உளுந்து, ஒரு கிலோ கருப்பட்டி, அரை லிட்டர் நல்லெண்ணெய், இரண்டு டஜன் முட்டை கொண்டு வந்தான். அவனால் முடிந்தது அவ்வளவு. பிள்ளையைப் பார்க்க வந்தவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டதில் பாதிக் கருப்பட்டி போனது. ஒன்பதாம் நாள் உளுந்தும் தீர்ந்தது.

மளிகைக் கடையில் விலை கேட்டேன். கருப்பு உளுந்து கிலோ 120. கருப்பட்டி 360. நல்லெண்ணெய் லிட்டர் 390. கூட்டினால் 870 ரூபாய். அந்த வாரம் சுளவை (முறத்தை) மடியில் வைத்து ஆறு நாள் குனிந்து சுற்றியதற்கு பீடிக்கடையில் எனக்குக் கிடைத்தது 900 ரூபாய். வீட்டுக்காரருக்கு அந்த வாரம் மழையால் வேலை இல்லை. அரை கிலோ உளுந்தும் கால் கிலோ கருப்பட்டியும் வாங்கிக்கொண்டு எண்ணெய் வாங்காமல் வந்தேன். களிக்குப் போடும் கருப்பட்டியைப் பாதியாகக் குறைத்தேன். பதினோராம் நாள் நல்லெண்ணெய் ஒரு சொட்டு இல்லை. ரேஷன் பாமாயிலைச் சூடாக்கிக் களியில் ஊற்றினேன்.

அத்தைக்குக் கண் மங்கல். ஆனால் மணம் தெரியாமல் இருக்குமா? தட்டு பக்கத்தில் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு களியைப் பற்றிப் பேசவே இல்லை.

சின்னவளுக்குப் பத்து வயது. அக்காவுக்குக் களி வைக்கும் நேரமெல்லாம் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மூத்தவள் நாலு வாய் தின்றுவிட்டு, "திகட்டுதும்மா" என்று தட்டை அவள் பக்கம் தள்ளிவிடுவாள். கருப்பட்டி பாதி போட்ட களி எப்படித் திகட்டும்? எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பதின்மூன்றாம் நாளோடு களி நின்றது. போன மாதம் பள்ளிக்கூடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கும் மேல் ரத்தசோகை என்று வந்திருக்கிறது. அதுவும் நீங்கள் அறிந்ததுதான். மாத்திரை தருகிறீர்கள், சரி, நன்றி. அதை விழுங்கும் வயிற்றில் முதலில் சாப்பாடு இருக்க வேண்டும் இல்லையா?

களி பதினாறு நாள் காரியம். இட்லி தினசரிக் காரியம். முன்பெல்லாம் நாலு உழக்கு அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து போடுவேன். இப்போது ஆறு உழக்குக்கு ஒன்று. மாவு பொங்குவதற்காக வெந்தயத்தைக் கூட்டி, ஒரு கை பழைய சோற்றையும் சேர்த்து அரைக்கிறேன். சூடாக இருக்கும்வரை தின்னலாம். மத்தியானம் பிள்ளைகளின் டப்பாவைத் திறந்தால் இட்லி கல்லாகக் கிடக்கும். சாம்பார் வாரத்துக்கு ஒரு நாள்தான், மற்ற நாளில் புளித்தண்ணியும் துவையலும். உள்ளி (சின்ன வெங்காயம்) விலை ஏறினால் பல்லாரிக்கு (பெரிய வெங்காயத்துக்கு) மாறுவோம், பல்லாரியும் ஏறினால் அதையும் பாதியாக நறுக்குவோம். தேங்காய்ப் பாலில் வைக்கும் சொதிக் குழம்பு வைத்து எத்தனையோ மாதம் ஆகிறது. அதற்கு மூன்று தேங்காயாவது உடைக்க வேண்டும். சிக்கனமாக இருங்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குறைப்பதற்கு இனி எதுவும் மிச்சம் இல்லை.

விலை ஏறுவதற்கு நீங்கள் மட்டும் காரணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். 2024 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வரும் கச்சா பாமாயில், சூரியகாந்தி எண்ணெய்க்கெல்லாம் மத்திய அரசு 20 சதவீத அடிப்படை வரி போட்டது. இந்த நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. எங்கள் ஊர்க் கடையில் மறுநாளே விலை ஏறிவிட்டது, அலமாரியில் இருந்ததெல்லாம் பழைய சரக்கு. 2025 மே கடைசியில் அந்த வரியை 10 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைந்த விலை அதே வேகத்தில் எங்கள் கடைக்கு வரவில்லை. 2022 ஜூலையிலிருந்து லேபிள் ஒட்டிய பாக்கெட்டில் வரும் அரிசி பருப்புக்கும் 5 சதவீத வரி. ஏறுவது ஒரு ராத்திரியில் ஏறுகிறது, இறங்குவது மட்டும் ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறது? எங்கள் கூலி ஏன் அப்படி ஒரு ராத்திரியில் ஏறுவதில்லை? மாதம் 15-ம் தேதி மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிறது. அது இல்லாவிட்டால் என் வீட்டில் இன்னும் கஷ்டம். ஆனால் அந்த ஆயிரத்தையும் மளிகைக் கடைக்காரரின் பாக்கி நோட்டு அன்றைக்கே வாங்கிக்கொள்கிறது.

இதையெல்லாம் உங்களிடம் கேட்டுப் பயன் இல்லை. உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன். உளுந்து உங்கள் கையில் இருக்கிறது.

நாங்கள் கேட்கும் உளுந்துக்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை. எங்கள் மதினி வீடு எட்டயபுரம் பக்கம், கரிசல் காடு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் சுற்றுவட்டாரம் முழுக்கப் புரட்டாசி மழையை நம்பி மானாவாரியாக உளுந்தும் பாசிப்பயறும் விதைப்பார்கள். எழுபது நாள் பயிர். மார்கழி, தையில் கைக்கு வரும். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் மதினி வீட்டுக் காடு மொத்தமும் தண்ணீரில் நின்று அழுகிப்போனது. 2025 தையில் விளைந்தது. மழையில் நிறம் மங்கிவிட்டது என்று சொல்லி வியாபாரி கிலோ 65 ரூபாய்க்கு எடுத்துப் போனார். அந்த வருடம் மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,400 ரூபாய், அதாவது கிலோ 74. 2025-26-க்கு 7,800 ஆக்கினார்கள். மதினி 65-க்கு விற்ற அதே உளுந்தை நான் இங்கே 120 கொடுத்து வாங்குகிறேன். விளைவித்தவளும் என் சொந்தம், வாங்குகிறவள் நான், இரண்டு பேருமே கஷ்டப்படுகிறோம். இடையில் இருக்கும் 55 ரூபாய் யாருக்குப் போகிறது?

விவசாயிகள் விளைச்சலை விற்க அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. ஆதரவு விலைக்குப் பயறு வகைகளைக் கொள்முதல் செய்யும் வழியும் ஏற்கெனவே இருக்கிறது. தை அறுப்பில் அந்த விலை கொடுத்து வாங்கி, இந்தத் தென் மாவட்டங்களின் கடைகளுக்கே முதலில் அனுப்பிப் பாருங்கள். தொலி நீக்கி, பாலிஷ் போட்டு, வெள்ளை வெளேர் என்று தர வேண்டாம். தொலியோடு உடைத்துக் கொடுத்தால் போதும். எங்கள் ஊர்ச் சோற்றுக்கும் களிக்கும் அதுதான் வேண்டும், இட்லிக்கு ஊறவைத்துக் கழுவி அரைத்துக்கொள்வோம். தொலி நீக்கும் செலவும் உங்களுக்கு மிச்சம். பழைய 30 ரூபாய்க்கு முடியாது என்றால் 50 வையுங்கள், 60 வையுங்கள். கொடுப்போம். 120 கொடுக்கத்தான் முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தருவதை மாதத்தின் முதல் வாரத்தில் தாருங்கள். 2024 மே மாதத்துப் பருப்பையும் பாமாயிலையும் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தீர்கள். அறிவித்தது நல்லது. ஆனால் மே மாதம் முழுக்க அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. பருப்புக்காக நான் மூன்று தடவை கடைக்கு நடந்தால் மூன்று அரை நாள் பீடி போகிறது. அந்தக் கூலியைக் கூட்டினால் 30 ரூபாய்ப் பருப்பு எனக்கு 30 ரூபாய்க்கு விழவில்லை.

கோபத்தில் எங்கேயாவது வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கடை வாசலில் சிரித்தவர் மேல் நடவடிக்கை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. உளுந்து ஏன் கேட்கிறார்கள் என்று அவருக்கு யாராவது எடுத்துச் சொன்னால் போதும்.

மார்கழி பாதி கடந்துவிட்டது. கரிசலில் செடி காய் பிடித்து நிற்கிறது, பொங்கல் கழிந்தால் களத்துக்கு வந்துவிடும் என்று மதினி போனில் சொன்னாள். வியாபாரி வண்டி வருவதற்கு முன்னால் உங்கள் வண்டி அங்கே போகட்டும். கார்டுக்கு ஒரு கிலோ உளுந்து, மாசி மாதத்திலிருந்தாவது, எங்கள் கடைக்கு வர ஏற்பாடு செய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முக்கூடல் பக்கத்துப் பீடித் தொழிலாளி ஒருத்தி