ஹெரால்டை முடிக்கவா, விற்கவா?

திருச்சி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. மாடிப்படியில் மட்டும் அவசரப்படாதே. இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்குச் சென்னைக்கு மாற்றல் ஆகிவிட்டது. மாதம் ஒரு தடவை பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்துபோகிறாள்.

பேரனோடு கோவை அவினாசி ரோடு கார் மியூசியத்துக்குப் போனதையும், அங்கே நிற்கும் வண்டிகளைப் பார்த்ததும் என் பழைய ஹெரால்டு கார் ஞாபகம் வந்ததையும் எழுதியிருந்தாய். "அது எந்த நிலையில் இருக்கிறது?" என்று ஒரு வரி கேட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்குத்தான் நாலு நாளாகப் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஷெட்டில் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், மட்டும் நாலு ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. பாடி பக்கத்தில் மரக்கட்டைகள் மேல் இருக்கிறது. என்ஜின் ஒரு பெட்டியில், பானெட் சுவரோரம் சாய்ந்து. ஆறு வருஷமாக இதே கோலம். போன மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். அவரிடம் இரண்டு கதவு ஹெரால்டு ஒன்று இருக்கிறதாம். தொண்ணூறாயிரம் தருகிறேன், அப்படியே லாரியில் ஏற்றிக்கொள்கிறேன் என்றார். நான் இதுவரை போட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஷெட் காலியாகும், மனசில் இருக்கிற பாரமும் இறங்கும். சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

அப்போதுதான் அவர், "எனக்கு என்ஜின், கியர் பாக்ஸ், டிஃபரென்ஷியல் போதும் சார், பாடியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன்" என்றார். எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. ஏன் என்று உனக்குச் சொல்கிறேன்.

நம் பிரின்சிபால் வைத்திருந்த ஹெரால்டு உனக்கு மறந்திருக்காது. காலேஜ் வாசல் வேப்பமரத்தைச் சுற்றி ஒரே மூச்சில் திருப்புவாரே, ரிவர்ஸே போடாமல். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி அது. 1961-ல் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி கொண்டுவந்தது. இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டுதான், இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி வரைந்த உருவம். ஆனால் இங்கிலாந்தில் அதற்குக் கடைசிவரை இரண்டே கதவுதான். நம் ஊர்க் குடும்பங்களுக்கு அது சரிப்படாது என்று நாலு கதவு வைத்து மார்க் த்ரீ என்ற மாடலைச் செய்தவர்கள் நம் சென்னைக்காரர்கள், 1968-ல். என்னுடையது அதற்கு அடுத்த வருஷத்து வண்டி.

இப்போது யோசித்துப் பார். அவர் கேட்கிற 948 சிசி என்ஜினுக்கு ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இன்றைக்கும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். முன்பக்கச் சஸ்பென்ஷன் சாமான் ஸ்பிட்ஃபயர் காருக்கும் ஒன்றே என்பதால் அதுவும் கிடைக்கிறது. ஆனால் பின்சீட்டுப் பக்கத்துக் கதவும் அதன் கண்ணாடியும் ரப்பரும் உலகத்தில் வேறெங்கும் செய்யப்படவே இல்லை. எது கிடைக்குமோ அதை எடுத்துக்கொண்டு, கிடைக்கவே கிடைக்காததை இரும்புக்கடைக்கு அனுப்புகிறேன் என்கிறார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அவர் வண்டி ஓட வேண்டும். என்னால்தான் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அனுப்பியதோடு முடிந்ததா? விற்கவில்லை என்றால் முடிக்க வேண்டும். அன்றைக்குச் சாயங்காலமே ஷெட்டைத் திறந்து அலமாரியிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டில்களை இறக்கினேன். பிரிக்கும்போது ஒவ்வொரு இடத்து நட்டு போல்ட்டையும் தனித்தனிப் பாட்டிலில் போட்டு, உள்ளே ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். இருபத்திரண்டு பாட்டில். ஒன்பது சீட்டில் எழுத்தே இல்லை. எண்ணெய் ஊறி, காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. ஒரு பாட்டிலில் ஐந்து போல்ட்டும் தடிமனான ஃபைபர் வாஷர்களும் இருந்தன. பாடியைச் சேஸிஸோடு பூட்டுகிறவை என்று தெரிகிறது. எந்த இடத்தில் ஒரு வாஷர், எந்த இடத்தில் இரண்டு என்பது மறந்துவிட்டது. அது மாறினால் கதவு இடைவெளி எல்லாம் கோணும். ஆறு வருஷம் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் மாப்ளே. பிரித்துப் போட்ட வண்டி ஷெட்டில் பாதிதான் இருக்கிறது, மீதி பிரித்தவன் தலைக்குள் இருக்கிறது. எனக்கு அறுபத்துநாலு ஆகிறது. இன்னும் நாலு வருஷம் போனால் இது காராகவே இருக்காது, சாமான் குவியல்தான். அப்போது நான் விற்க நினைத்தாலும் வாங்குகிறவனால் ஒன்றும் செய்ய முடியாது.

என் வீட்டம்மா பின்னாலேயே காபியோடு வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாங்கி வந்த அன்னிக்கு இது ஓடிச்சு, ஞாபகம் இருக்கா? சமயபுரம் போய் வந்தோம்" என்றாள். உண்மைதான். ஓடுகிற வண்டியைத்தான் வாங்கினேன். தரையில் ஓட்டை இருந்தது, புகை வந்தது, ஆனாலும் ஓடியது. தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே ஆக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் கடைசி ஸ்க்ரூ வரை கழற்றினேன். அந்த ஆசைதான் வேலையை நிறுத்தியது. ஒரிஜினல் சீட் துணி கிடைக்கவில்லை என்று ஒரு வருஷம், பழைய பச்சைக்குச் சரியான பெயின்ட் அமையவில்லை என்று ஒரு வருஷம் போயிற்று.

உருப்படியாக நடந்த வேலையும் உண்டு. முன்சக்கரத்தில் ஸ்டியரிங் திரும்புகிற இடத்தில் ட்ரனியன் என்று ஒரு வெண்கலத் துண்டு வரும். அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். முன்னே பார்த்த மெக்கானிக் வருஷக்கணக்காகக் கிரீஸ் அடித்திருக்கிறார். கழற்றினால், கிரீஸ் இறுகிக் கறுப்பு சோப்புக்கட்டி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுத்தம் செய்தால், இடது பக்கத்து மரை பாதி தேய்ந்திருந்தது. வேகத்தில் அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். சமயபுரத்துக்குக் குடும்பத்தோடு போனதை நினைத்து அன்றைக்கு உடம்பு நடுங்கியது. இரண்டு பக்கமும் புதுசு வரவழைத்து மாட்டிவிட்டேன். சேஸிஸிலும் பக்கக் கைகளில் துரு தின்ற நாலு இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் முடிந்தது.

ஆகவே முடிக்கிறேன். எப்படி என்றால், ஓடுகிற வண்டியாக. பிரேக், ஸ்டியரிங், வயரிங் மூன்றிலும் ஒரு குறையும் வைக்க மாட்டேன். சீட் துணி நம்மூர்க் கடையில் கிடைக்கிறது போதும். பெயின்ட் கண்ணுக்கு ஒத்த பச்சையாக இருந்தால் போதும். மாருதி என்ஜின் வைத்துவிடு, தொல்லை விட்டது என்று தகடு வேலை பார்க்கும் டிங்கர் பாய் சொல்கிறார். அதை மட்டும் கேட்க மாட்டேன், இருக்கிற என்ஜினையே சிலிண்டர் கடைந்து ஏற்றத்தான் போகிறேன். 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். இருபதாயிரம் கட்டினால் பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சி, ஊர்வலம் மாதிரியான காரியங்களுக்குத்தான். எனக்கு அது வேண்டாம். பழைய மெட்ராஸ் காலத்து எம்.எஸ். நம்பரிலேயே சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்து, சனிக்கிழமை ஸ்ரீரங்கம் போய்வர வேண்டும்.

பங்குனிக்குள் என்ஜின் உறுமவில்லை என்றால் விற்றுவிடுவேன், ஆனால் முழுசாக வைத்துக்கொள்கிற ஆளுக்கு மட்டும். வீட்டம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அதனால் பின்வாங்க வழியில்லை.

உன்னிடம் இரண்டு உதவி. கியர் லிவர் அடியில் வரும் நைலான் புஷ் நாலு உன் லேத்தில் கடைந்து தர வேண்டும். அளவு தனித்தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். இன்னொன்று, தை பிறந்ததும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் இங்கே வந்து இரு. நீ எதையும் தூக்க வேண்டாம், அதற்கு டிங்கர் பாயின் பையன்கள் இருக்கிறார்கள். பாடியைச் சேஸிஸ் மேல் இறக்கும்போது ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கதவு இடைவெளியைப் பார்த்து, எங்கே இன்னொரு வாஷர் வேண்டும் என்று நீ சொன்னால் போதும். உன் கண் அளவு எனக்கு எப்போதுமே வராது.

டாக்டரிடம் கேட்டுவிட்டு எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்