அகலக் கோடும் ஒல்லிக் கோடும்

பொள்ளாச்சி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கோபியிலிருந்து நீங்கள் அனுப்பிய பென் டிரைவ் வந்து சேர்ந்தது. நாம் கணக்கு எழுதிய மில்லின் எக்ஸ்டி கணினி (எண்பதுகளின் பழைய ஐபிஎம் வகை) இப்போது என் வீட்டில் இருக்கிறது அல்லவா, அதற்கு உங்கள் இமேஜ் கோப்புகளிலிருந்து, அதாவது வட்டுகளை அப்படியே நகலெடுத்த கோப்புகளிலிருந்து, மறுபடியும் பிளாப்பி உண்டாக்கப் பத்து நாட்கள் மல்லுக்கட்டினேன்.

கணினியை இயக்கும் டாஸ் இருந்த முதல் கோப்பின் அளவு 3,68,640 பைட். 40 டிராக் (வட்டில் தகவல் எழுதப்படும் வட்டக் கோடு), 2 பக்கம், டிராக்குக்கு 9 செக்டர் (கோட்டின் துண்டு), செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் அதே எண் வருவதால், அது 360 கேபி வட்டின் முழு நகல் என்பது உறுதியாயிற்று. இதை மற்றக் கோப்புகளைப் போல வட்டில் காப்பி செய்து போட்டால் பயனில்லை. ஒவ்வொரு செக்டரையும் அதனதன் இடத்தில் எழுத வேண்டும். அதற்காக கிரீஸ்வீசில் என்ற சிறு பலகையை யூஎஸ்பியில் இணைத்து, உக்கடத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிய 1.2 எம்பி டிரைவை அதில் மாட்டினேன்.

எழுதி முடித்து அதே டிரைவில் படித்துப் பார்த்தேன்; ஒரு பிழையும் இல்லை. எக்ஸ்டியில் போட்டாலோ, கரகரவென்று நாலு முறை இழுத்துவிட்டு நின்றுவிட்டது. 1.2 எம்பி டிரைவ் 80 டிராக்குக்கானது என்பதால், ஒரு டிராக் விட்டு ஒரு டிராக் தாண்டி எழுதினாலும், அது போடும் கோடு 40 டிராக் டிரைவின் கோட்டில் ஏறக்குறையப் பாதி அகலம்தான். நான் எடுத்ததோ, 'நூல் இருப்பு' என்று உங்கள் கையெழுத்திலேயே சீட்டு ஒட்டிய பழைய வட்டு. (அதன் நகலும் பென் டிரைவில் இருக்கும் தைரியத்தில்தான் கை வைத்தேன், கோபிக்க வேண்டாம்.) பழைய அகலக் கோட்டின் மிச்சம் புதுக் கோட்டின் இருபுறமும் அழியாமல் கிடக்க, எக்ஸ்டி டிரைவின் ஹெட் (வட்டைப் படிக்கும் முனை) இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பியிருக்கிறது. எழுதிய டிரைவிலேயே சரிபார்த்தது என் மடத்தனம்.

பிறகு, ஒரு காலத்தில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்தவரிடம் டேப் அழிக்கும் மின்காந்தத்தை இரவல் வாங்கினேன். வட்டின் இரு பக்கமும் மெல்லச் சுழற்றி, கையை நீட்டித் தூரமாக விலக்கிய பின்னரே சுவிட்சை அணைக்க வேண்டும். பக்கத்தில் வைத்தே அணைத்தால் அந்தக் கணத்தின் காந்தம் வட்டில் தங்கிவிடும். அப்படித் துடைத்த வட்டில் மறுபடியும் எழுதியதும், எக்ஸ்டி 1980 ஜனவரி 1 என்று காட்டித் தேதியைக் கேட்டது.

உங்கள் மூன்றாவது கோப்பு 12,28,800 பைட் இருக்கிறது. அது 1.2 எம்பி வட்டின் நகல், எக்ஸ்டிக்கு ஆகாது. உங்கள் பரணில் 1.2 எம்பி பிடிக்கும் ஹெச்டி வட்டுகள் இருந்தால், பூஞ்சை பிடிக்காதவையாகப் பார்த்து, அடுத்த முறை வரும்போது எடுத்து வாருங்கள். பூஞ்சையோடு ஒன்றை உள்ளே விட்டு, ஹெட்டைத் துடைப்பதற்கே எனக்கு அரை நாள் போயிற்று.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மேசைக்காரன்